மலைக் கிராமத்துப் பெண்கள் குழு முதல் தொழில் கடன் பெறுவது எப்படி: ஆவணம் முதல் கடைசித் தவணை வரை

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிக் குக்கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு பணிபுரிந்தபோது கற்றவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். கொல்லிமலைக்கும் கல்வராயன் மலைக்கும் இதே நடைமுறைதான். பயிரும் பருவமும் மட்டுமே சற்று மாறும். ஆடு வளர்க்கவும், சாமை வாங்கி அரைத்து விற்கவும், புளி சேகரித்து விற்கவும், தையல் இயந்திரம் வாங்கவும் நினைக்கும் பெண்களுக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் ஊக்குநர்களுக்கும், புதிதாக வேலையில் சேர்ந்த பயிற்றுநர்களுக்கும் இது பயன்படும்.

மலையில் தவணை தவறிய கடன்களை எடுத்துப் பார்த்தால், வாங்கியவருக்குக் கட்ட மனமில்லாமல் தவறியவை மிகக் குறைவு. பணம் கைக்கு வருவது வருடத்தில் நான்கைந்து மாதங்களில்தான், தவணையோ பன்னிரண்டு மாதமும் வருகிறது. இந்தப் பொருத்தமின்மையைக் கடன் வாங்கும் முன்பே சரிசெய்ய வேண்டும். ஆகையால் நேரம் குறைவாக இருப்பவர்கள் வேறு எதை விட்டாலும் 6-ஆம் படியை விடாமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. எந்தக் கடன் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

மலையில் ஒரு பெண்ணுக்குப் பணம் கிடைக்கும் வழிகள் பொதுவாக நான்கு. சுய உதவிக் குழு வழியாக வங்கியோ கூட்டுறவு வங்கியோ தரும் கடன் முதலாவது. தேசிய பழங்குடியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் திட்டங்களில் தாட்கோ என்ற தமிழ்நாடு அரசுக் கழகத்தின் வழியாக வரும் கடன் இரண்டாவது. வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கும் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் மூன்றாவது. சாமைக்கும் புளிக்கும் வியாபாரி கொடுக்கும் முன்பணம் நான்காவது.

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின்கீழ் வரும் பெண்கள் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலான வங்கிக் கடன் ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் கிடைக்கிறது. பழங்குடிப் பெண்களுக்கென்றே உள்ள ஆதிவாசி மகிளா சசக்திகரண் திட்டத்தில், 2 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள தொழிலுக்கு அதன் செலவில் 90 சதவீதம் வரை 4 சதவீத வட்டியில் கடன் உண்டு. வட்டி குறைவு என்றாலும் தனிநபர் விண்ணப்பம், சாதிச் சான்று, திட்ட மதிப்பீடு என்று இதற்கு வேலை அதிகம். முதல் கடனுக்குக் குழுக் கடனையே நான் பரிந்துரைப்பேன். குழுவில் ஒருமுறை கடன் வாங்கி அடைத்துப் பழகியவர் இரண்டாவது கட்டமாகத் தாட்கோவுக்குப் போவது எளிது.

வியாபாரியின் முன்பணத்துக்கு வட்டி என்ற பெயரே இல்லாததால் பலர் அதைக் கடனாகவே எண்ணுவதில்லை. நான்கு மாதத்துக்கு முன் 10,000 ரூபாய் வாங்கியவர், அதற்காகக் கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்து 400 கிலோ புளி கொடுத்தால், 2,000 ரூபாய் வட்டி கட்டியிருக்கிறார் என்று பொருள். இது ஆண்டுக் கணக்கில் 60 சதவீதம். குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கை ஒருமுறை வாய்விட்டுப் போட்டுக் காட்டுங்கள்.

2. ஆவண வேலையை முதல் நாளே தொடங்குங்கள்

குழு அமைத்து ஆறு மாதம் கழித்து ஆவணம் தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மலையிலிருந்து தாலுகா அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பதால், சேமிப்புக் காலமும் ஆவணத் திருத்தமும் ஒருங்கே நடக்க வேண்டும்.

ஒவ்வோர் உறுப்பினரின் ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் திண்ணையில் வரிசையாகப் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் லட்சுமி, மற்றொன்றில் இலட்சுமி, மூன்றாவதில் லக்ஷ்மி என்றிருக்கும். ஆதாரில் தந்தையின் முதலெழுத்தும் குடும்ப அட்டையில் கணவரின் முதலெழுத்தும் இருக்கும். கணினி இவற்றை மூன்று வெவ்வேறு பெண்களாகவே எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, ஆதாரோடு இணைந்த கைபேசி எண் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பல வீடுகளில் அது திருப்பூரில் வேலை செய்யும் மகனிடமோ காப்பித் தோட்டத்துக்குப் போன கணவரிடமோ இருக்கும். வங்கியில் உட்கார்ந்திருக்கும்போது கடவு எண் (OTP) அங்கே போய்ச் சேர்ந்தால் அன்றைய பயணம் வீண். அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் எண்ணையே இணைத்துவிடுங்கள்.

சாதிச் சான்று விஷயத்தில் ஒரு தெளிவு தேவை. தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றை வழங்குபவர் கோட்டாட்சியர் என்பதால் அது கைக்கு வர நாளாகும். தாட்கோ கடனுக்கு அது கட்டாயம். சாதாரண குழுக் கடனுக்கு அது தேவையில்லை. சான்று வரட்டும் என்று குழு தொடங்குவதையே ஒரு வருடம் தள்ளிப்போட்ட ஊர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. ஒன்றாக உட்காரக்கூடியவர்களைக் கொண்டு குழு அமையுங்கள்

பொதுவாக ஒரு குழுவில் 10 முதல் 20 பேர் இருக்க வேண்டும். எட்டாத் தொலைவிலுள்ள பழங்குடிப் பகுதிகளில் 5 பேர் இருந்தாலே போதும் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை இடமளிக்கிறது. இது தெரியாமல், எண்ணிக்கையை நிரப்புவதற்காக மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த குக்கிராமத்துப் பெண்களைச் சேர்க்கிறார்கள். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தால் அவர்களால் கூட்டத்துக்கு வர முடியாது. கூட்டம் தவறும்போது சேமிப்பும் தவறும், அதைத் தொடர்ந்து குழுவே கலையும். எட்டுப் பேர் ஒரே ஊரில் இருந்தால் அந்த எட்டுப் பேரோடு தொடங்குங்கள்.

ஊக்குநரையும் இரண்டு பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுக்கும்போது, எழுதத் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இளம்பெண்ணின் கையில் மூன்று பொறுப்புகளையும் கொடுத்துவிடாதீர்கள். அவள் திருமணமாகி வேறு ஊருக்குப் போகும்போது கணக்கும் அவளோடு போய்விடுகிறது. எழுதுபவர் ஒருவராகவும் வங்கியில் கையெழுத்திடுபவர்கள் வேறு இருவராகவும் இருப்பது நல்லது.

4. சேமிப்புக் கணக்கைத் திறங்கள்

குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்கு திறக்கப் பொறுப்பாளர்களின் அடையாள ஆவணங்கள் மட்டும் போதும். எல்லா உறுப்பினர்களின் ஆவணங்களும் கடன் வழங்கும் கட்டத்தில்தான் சரிபார்க்கப்படும். சில கிளைகளில் எல்லா உறுப்பினர்களையும் முதல் நாளே வரச்சொல்வார்கள். அப்போது வாக்குவாதம் செய்யாமல், ரிசர்வ் வங்கி விதி இவ்வாறு இருக்கிறது என்று மகளிர் திட்ட அலுவலகத்தின் வழியாக எழுத்தில் தெரிவிப்பதே பலன் தரும்.

5. ஆறு மாதம் ஒழுங்காக நடத்துங்கள், அதை அன்றன்றே எழுதுங்கள்

வங்கி பார்ப்பவை ஐந்து: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தொடர்ந்த உள்கடன் (குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன்), உரிய நேரத்தில் திருப்பிச் செலுத்துதல், நடப்பில் இருக்கும் கணக்கேடு. குறைந்தது ஆறு மாதம் இயங்கியிருக்க வேண்டும். இந்த ஆறு மாதம் கணக்கேட்டின்படி எண்ணப்படுகிறதே தவிர, வங்கிக் கணக்கு திறந்த தேதியிலிருந்து எண்ணப்படுவதில்லை. கணக்கு திறக்கத் தாமதமானாலும் முதல் கூட்டத்தின் தீர்மானத்தைத் தேதியோடு எழுதி வைத்திருந்தால் அந்த மாதங்கள் கைவிட்டுப் போகாது.

சேமித்த பணத்தை வங்கியிலேயே போட்டு வைத்திருப்பது நல்ல பெயர் தரும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், உள்கடன் கொடுக்காத குழு தர மதிப்பீட்டில் பின்தங்கும். 1,000 ரூபாயை ஒருவருக்குக் கொடுத்து மூன்று மாதத்தில் திரும்ப வாங்கிய அனுபவம்தான், பிறகு 20,000 ரூபாயைக் கையாளும் பயிற்சி.

கணக்கேட்டில் நான் கண்ட மிகப் பெரிய குறை, ஆறு வாரக் கூட்டத்தையும் ஒரே இரவில் உட்கார்ந்து எழுதுவது. அதே பேனா, அதே மை, அதே அழுத்தம். ஒவ்வொரு கைநாட்டும் ஒரே அளவு நீலத்தில். பத்து வருடம் குழுக் கடன் பார்த்த மேலாளருக்கு ஏட்டைப் புரட்டும்போதே இது தெரிந்துவிடும். அடித்தல் திருத்தல் உள்ள, மழையில் ஓரம் நனைந்த, அன்றன்று எழுதிய ஏடு அதைவிட எவ்வளவோ மேல்.

6. வருமான நாட்காட்டி போடுங்கள்

இந்த வேலையைத் தொகை தீர்மானிக்கும் முன்பு செய்ய வேண்டும். தொகை முடிவான பிறகு போடும் நாட்காட்டி, அந்தத் தொகையை நியாயப்படுத்தவே வளைந்துகொடுக்கும்.

தரையில் சுண்ணக்கட்டியால் பன்னிரண்டு கட்டங்கள் வரைந்து சித்திரை முதல் பங்குனி வரை பெயரிடுங்கள். மலையில் தமிழ் மாதமே புழக்கம் என்பதால் ஆங்கில மாதம் குழப்பும். ஒரு புளியங்கொட்டை 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டுக்கு எந்த மாதம் எவ்வளவு வருகிறதோ அத்தனை கொட்டைகளைக் கட்டத்தில் வைக்க வேண்டும். மாசி, பங்குனியில் புளிப் பணம் குவியும். ஆடியில் விதைத்த சாமை கார்த்திகை வாக்கில் களத்துக்கு வரும்போது அங்கே இன்னொரு குவியல். வெளியூர் வேலைக்குப் போனவர்கள் பணம் கொண்டுவரும் மாதங்களில் கொஞ்சம்.

பிறகு செலவுக்குக் கொட்டைகளை எடுக்கச் சொல்லுங்கள். பள்ளி திறக்கும்போது எடுக்க வேண்டும், விதைப்புக்கு எடுக்க வேண்டும், ஊர்த் திருவிழாவுக்கு எடுக்க வேண்டும். ஒருமுறை ஓர் அக்கா ஆவணிக் கட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, "இந்த மாசத்துல எடுக்கறதுக்கே ஒண்ணும் இல்லீங்களே, தவணைக்கு எதை வைக்கறது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இப்போது தொழிலின் காலத்தை அதன்மேல் பொருத்துங்கள். ஆட்டை எடுத்துக்கொள்வோம். 30,000 ரூபாய் கடனில் இளம் பெட்டை ஆடுகளை வாங்குகிறார். சினைக்காலம் 5 மாதம். குட்டி விற்பனைக்கு வளர இன்னும் 8 மாதமாவது ஆகும். வாங்கியவுடனே சினை பிடித்தாலும் முதல் வருமானம் 13 மாதம் கழித்துத்தான். 7 சதவீத வட்டியில் 24 மாதக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 1,343 ரூபாய். ஒரு குட்டிகூட விற்கும் முன்பே 17,400 ரூபாய்க்கு மேல் கட்டியிருக்க வேண்டும். அதே கடனை 36 மாதமாக்கினால் தவணை சுமார் 926 ரூபாய். 13 மாதத்தில் சுமார் 12,000. அந்தப் பணம் கூலியிலிருந்து வருமா, புளியிலிருந்து வருமா என்பதற்கு விடை இருந்தால் மட்டுமே ஆட்டுக் கடன் சரி. விடை இல்லையென்றால், குட்டியோடு இருக்கும் தாயாட்டையோ நான்கு மாத நிறைசினை ஆட்டையோ சற்று விலை கூடக் கொடுத்து வாங்குவது காத்திருக்கும் காலத்தை நான்கைந்து மாதமாவது குறைக்கும்.

தவணையை மாதாமாதம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். முதல் கடனை 24 முதல் 36 மாதங்களில், மாதத் தவணையாகவோ காலாண்டுத் தவணையாகவோ செலுத்த விதியில் இடமுண்டு. சாமை, புளி போன்ற பருவத் தொழில்களுக்குக் காலாண்டுத் தவணை கேளுங்கள். கேட்காத குழுவுக்கு வங்கி வழக்கம்போல மாதத் தவணையே போட்டுவிடும். வாங்கி விற்கும் தொழில் என்றால் ரொக்கக் கடன் கணக்கு இன்னும் பொருத்தமானது. வேண்டும்போது எடுத்து, விற்றவுடன் கட்டலாம், எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி.

7. தொகையைத் தீர்மானித்துச் சிறுகடன் திட்டம் எழுதுங்கள்

முதல் கடனின் அளவு, குழுவின் மொத்த நிதியைப் போல் 6 மடங்கு அல்லது குறைந்தது 1.5 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. 12 பேர் மாதம் 100 ரூபாய் வீதம் ஆறு மாதம் சேமித்தால் 7,200 ரூபாய். அதன் 6 மடங்கு 43,200 தான். எனவே தகுதி பெற்ற குழுவுக்கு 1.5 லட்சம் என்ற கணக்கே பொருந்தும். இது தெரியாத குழுக்கள் 40,000 ரூபாயோடு திரும்பி வருகின்றன.

அதற்காக 1.5 லட்சத்தை 12-ஆல் வகுத்து ஆளுக்கு 12,500 என்று பிரித்துக்கொள்வது கூடாது. சண்டை வராது என்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள். அரைவை இயந்திரம் வாங்க நினைப்பவருக்கு 12,500 போதாது, வாங்கிய பணம் அரிசிக்கும் மருந்துக்கும் கரைகிறது. தொழிலே யோசிக்காதவருக்கு அது தேவையற்ற சுமை. இந்த முறை ஐந்து பேர், அவர்கள் பாதி அடைத்ததும் அடுத்த ஐந்து பேர் என்று வரிசையை முன்கூட்டியே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டால் மனக்கசப்பு பெருமளவு குறையும்.

சிறுகடன் திட்டத்தில் ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே தொழில், தேவையான தொகை, முதல் வருமானம் வரும் மாதம், தவணை கட்டும் வழி ஆகியவை இருக்க வேண்டும். வங்கிக்காக ஒன்றும் உண்மையில் வேறொன்றுமாக எழுதாதீர்கள். வியாபாரியிடம் வாங்கிய பழைய முன்பணத்தை அடைக்கத்தான் பணம் வேண்டும் என்றால் அதையே எழுதுங்கள். 60 சதவீத வட்டியிலிருந்து 7 சதவீதத்துக்கு மாறுவதைவிடப் பெரிய லாபம் தரும் தொழில் மலையில் அரிது.

நான் கையாளும் அளவுகோல் ஒன்று உண்டு: வரவு குறைந்த பஞ்ச மாதத்தில் வீட்டுக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது. சராசரி மாத வருமானத்தை வைத்துக் கணக்கிட்டால் ஆவணியில் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

8. வங்கிக்குப் போகும் நாள்

குழு விண்ணப்பம், கடன் கோரும் தீர்மானம், உறுப்பினர்களுக்குள்ளான ஒப்பந்தம், சிறுகடன் திட்டம், கணக்கேடுகள், அனைவரின் அடையாள நகல்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் குழுவிடம் இருக்கட்டும். மாத முதல் வாரத்தையும் சந்தை நாளையும் தவிருங்கள்; மேலாளருக்கு நேரமிருக்கும் நாளில் போனால் கேள்விகள் பொறுமையாக வரும்.

கேள்விக்கு ஊக்குநர் மட்டும் பதில் சொல்லக் கூடாது. ஆடு வாங்கப்போகிறவரே, எத்தனை ஆடு, என்ன விலை, மேய்ச்சல் எங்கே, குட்டி எப்போது விற்கும் என்று தன் பேச்சிலேயே சொல்ல வேண்டும். நாட்காட்டி போட்டவருக்கு இது தானாகவே வரும்.

10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு எந்த அடமானமும் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கவோ, கடனில் ஒரு பகுதியை வைப்புத்தொகையாக வைக்கச் சொல்லவோ கூடாது. நான் உடனிருந்த ஒரு குழுவிடம் ஒரு கிளையில் 20,000 ரூபாயை வைப்பில் போட்டால்தான் கடன் என்றார்கள். நாங்கள் அன்று தெரியாமல் ஒப்புக்கொண்டோம். தொழிலுக்குக் கைக்கு வந்தது அவ்வளவுக்குக் குறைவாகவும், வட்டி முழுத் தொகைக்குமாகவும் ஆனது. இத்தகைய நிபந்தனை வந்தால் எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

உறுப்பினர் ஒருவர் பழைய தனிக்கடனில் தவணை தவறியிருந்தால், அந்தக் காரணத்துக்காக மட்டும் குழுவின் கடனைப் பொதுவாக மறுக்கக் கூடாது. ஆனால் புதிய கடனிலிருந்து அவருக்குப் பங்கு தர முடியாது. இதை அவரிடம் முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் வங்கியில் தெரிய வந்தால் அவர் குழுவைவிட்டே போய்விடுவார்.

9. பணம் வந்த முதல் வாரம்

கையில் இருக்கும் பணத்தைக் கேட்க உறவினர்கள் வருவது இந்த வாரத்தில்தான். எனவே பொருள் வாங்கும் நாளை முன்பே குறித்துவைத்து, அதற்கு முந்தைய நாள் பணம் எடுங்கள். ஆட்டுச் சந்தைக்கு இரண்டு உறுப்பினர்கள் உடன் போகட்டும்.

ஆடு வாங்கினால் கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்கு முன் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டுவிடுங்கள். புதிய ஆடுகளைச் சில வாரங்கள் தனியே கட்டுங்கள். சந்தையிலிருந்து வந்த ஒரு நோயாடு பழைய மந்தையையும் கொண்டுபோய்விடும், தவணை மட்டும் மிஞ்சும்.

கடன் வாங்கியவர் இறந்தால் சுமை பிள்ளைகள்மேல் விழாமலிருக்க, ஆண்டுக்கு 436 ரூபாயில் ஆயுள் காப்பீடும் 20 ரூபாயில் விபத்துக் காப்பீடும் வங்கிக் கணக்கிலிருந்தே எடுக்கலாம். இரண்டும் தலா 2 லட்சம் ரூபாய்க்கானவை. முதலாவதில் சேர 18 முதல் 50 வயதுக்குள் இருக்க வேண்டும்.

10. தனியார் நிறுவனத்திடம் கையெழுத்திடும் முன்

குழுக் கடன் வரும் வரை பொறுக்க முடியாத நிலையும் வரும். அப்போது வட்டி நிலையானதா (கடைசி வரை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும்), குறையும் நிலுவைக்கா (இன்னும் கட்ட வேண்டிய தொகைக்கு மட்டும்) என்று முதலில் கேளுங்கள். 40,000 ரூபாயை 24 மாதத்துக்கு 12 சதவீத நிலையான வட்டியில் வாங்கினால் வட்டி 9,600 ரூபாய், தவணை சுமார் 2,067. குறையும் நிலுவைக் கணக்கில் இது 21 சதவீதத்துக்கும் மேல். குழுக் கடனின் 7 சதவீதத்தில் அதே தொகைக்குத் தவணை சுமார் 1,791, மொத்த வட்டி 3,000 ரூபாய்க்குள்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு அடமானமின்றித் தருவதே நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் விவரம் எழுதிய அட்டை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்கான உதவி எண் 14448.

ஒரு நிறுவனத்தின் தவணைக்காக இன்னொன்றில் கடன் வாங்கும் நிலை வந்துவிட்டால் அதைக் குழுவில் மறைக்க வேண்டாம். குழுவின் உள்கடனில் அதை அடைக்க வழியிருக்கும். மூன்றாவது நிறுவனம் வந்தபின் அந்த வழி அடைபட்டுவிடும்.

11. தவணைக் காலமும் கடைசித் தவணையும்

உறுப்பினர் குழுவுக்குக் கட்டும் நாளை, குழு வங்கிக்குக் கட்டும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக வையுங்கள். யாராவது தாமதித்தாலும் குழு தவறாது. புளிப் பணம் வரும் மாசி, பங்குனியில் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று தவணைகளை முன்கூட்டியே குழுவில் செலுத்தி, ஆடி முதல் புரட்டாசி வரைக்கு அதை ஒதுக்கிவைக்கலாம். தனித் தலைப்பில் எழுதினால்தான் அது உள்கடனாகப் போய்விடாது.

ஆடு செத்துவிட்டது, மழையில் சாமை படுத்துவிட்டது என்றால், தவணை தேதிக்கு முன்பே தீர்மானத்தோடு மேலாளரைப் பார்த்துத் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். தவறிய பின் போகும் குழுவை நிலுவைதாரராகவே நடத்துவார்கள், வட்டிச் சலுகைக்கும் ஆபத்து.

கடைசித் தவணை கட்டியதும் நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அடுத்த கடன் குழு நிதியின் 8 மடங்கு அல்லது குறைந்தது 3 லட்சம் ரூபாய் என்று பெரிதாகும். விண்ணப்பிக்கும் முன் அதே திண்ணையில் அந்தப் பன்னிரண்டு கட்டங்களை மீண்டும் வரையுங்கள். இந்த முறை ஆவணிக் கட்டத்தில் ஆட்டுக்குட்டி விற்ற பணத்துக்கு எத்தனை புளியங்கொட்டை வைக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, அதன்பிறகு தொகையை எழுதுங்கள்.